ஆட்காட்டியும் புல் வெட்டும் மெஷினும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கொழும்புக்குப் பக்கத்து அத்திடிய சதுப்புப் பக்கம் திரியும் பறவைகளைப் பற்றி ஒரு பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வந்ததில் முக்கால்வாசி புல்லைப் பற்றித்தான்: வெட்டலாமா, விடலாமா, மரம் நடலாமா, மாடு விடலாமா. எல்லாவற்றையும் ஒரே இதழில் போட்டுவிடுகிறேன். சீனி வருத்தம், விசா, காணி உறுதி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தொடர்மாடிக்குப் பின்னால் பெரிய வெறுங்காணி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு சோடி ஆட்காட்டி முட்டையிட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை புல் வெட்ட ஆள் வரும். சுற்றி வேலி கட்டலாமா, இல்லாவிட்டால் முட்டையை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் வைக்கலாமா? (தெஹிவளை வாசகி)

பதில்: முட்டையைத் தொடவே வேண்டாம். இடம் மாற்றினால் தாய்ப்பறவை பெரும்பாலும் பின்னால் வராது, கூழ்முட்டைதான் மிஞ்சும். அதோடு பெரும்பாலான காட்டுப் பறவைகளின் முட்டையை எடுப்பது வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1937இலிருந்தே இருக்கிறது. வேலியும் வேண்டாம். புதிதாக ஏதாவது முளைத்தால் முதலில் எட்டிப் பார்ப்பது காகம், அதற்குப் பிறகு தெரு நாய்.

நெதர்லாந்தில் இதற்கு ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். அங்கே புல் வெட்டும் காலத்துக்கு முன்னர் தன்னார்வலர்கள் வயலில் இறங்கிக் கூடுகளைத் தேடி, கூட்டுக்குச் சற்றுத் தள்ளி இரண்டு குச்சி நட்டுவிட்டு வருவார்கள். குச்சியைக் கண்ட விவசாயி அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். உங்கள் காணிக்கும் அதுவே போதும். கூட்டிலிருந்து நாலைந்து எட்டுத் தள்ளி இரண்டு பக்கமும் ஒரு குச்சி, மெஷின்காரருக்கு ஒரு பிளேன்டி, கூடவே ஒரு விளக்கம். அவருக்கும் முட்டையை நசுக்க ஆசையில்லை, கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் பிரச்சினை. ஆட்காட்டி கூடு என்று எதையும் கட்டுவதில்லை. நிலத்தை லேசாகக் கிண்டி, சின்னக் கற்களைச் சுற்றி வைத்து, பெரும்பாலும் நாலு முட்டை இடும். முட்டையும் கல்லும் ஒரே நிறம்.

அடைகாக்கும் காலம் 28 முதல் 30 நாள். ஆணும் பெண்ணும் மாறி மாறி இருக்கும், வெயில் கொளுத்தினால் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிரவைக்கும். குஞ்சு பொரித்துக் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நடக்கும், ஆனால் பறக்க ஒரு மாதத்துக்கு மேலாகும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதம் ஒருமுறை வெட்டினால் முட்டையோ குஞ்சோ ஏதோ ஒன்று கட்டாயம் மெஷினுக்கு முன்னால் வரும். குஞ்சு ஓடித் தப்பாதா என்று கேட்பீர்கள். ஆபத்து வந்தால் நிலத்தோடு ஒட்டிப் படுத்துக்கொள்வதுதான் அதன் பழக்கம். பருந்துக்கு முன்னால் அது நல்ல தந்திரம், மெஷினுக்கு முன்னால் சரிவராது.

அப்போ வெட்டவே வேண்டாமா? அப்படியும் இல்லை, இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அந்தச் சோடி உங்கள் காணியைத் தெரிவு செய்ததே புல் கட்டையாக இருந்ததால்தான். நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டும் தூரம் திறந்திருந்தால்தான் ஆட்காட்டி முட்டையிடும். மாதாமாதம் வெட்டுவதால் வருகிறது, அடுத்த வெட்டில் குஞ்சைப் பறிகொடுக்கிறது, மறுபடியும் முட்டையிடுகிறது. பறவை தினமும் கண்ணில் படுவதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். மாறாக, வெட்டுவதையே நிறுத்தினால் கொழும்பு மழைக்கு இரண்டு மூன்று வருடத்தில் பற்றைக்காடாகிவிடும், ஆட்காட்டி போய்விடும். அத்திடியப் பக்கம் போய்ப் பாருங்கள். பெல்லன்வில-அத்திடிய 1990இல் சரணாலயமாகப் பிரகடனமானது, அதில் பெரும் பகுதி கைவிட்ட வயல். உழுது விதைத்த காலத்தில் திறந்த ஈரப் புல்வெளியாக இருந்த இடங்களில், சிங்களத்தில் வெல் ஆத்தா என்று சொல்லும் அமெரிக்கச் சதுப்பு மரம் ஏறி மூடிக்கொண்டு வருகிறது. அங்கே யாரும் எதையும் வெட்டி அழிக்கவில்லை, வெட்டாமல் விட்டதுதான் காரணம்.

ஆகவே உங்கள் காணிக்கு நான் சொல்வது இதுதான். முழுக் காணியையும் ஒரே நாளில் வெட்ட வேண்டாம், பாதி இப்போது, பாதி பிறகு. ஒரே துண்டை இரண்டு முறை வெட்டுவதற்கு இடையில் இரண்டு மாதமாவது விடுங்கள். அமெரிக்காவின் வெர்மொண்டில் பொபொலிங்க் என்ற புல்வெளிப் பறவைக்காக வைக்கோல்காரர்களிடம் கேட்பதும் இதைப் போன்றதுதான்: முதல் வெட்டை மே முடிவதற்குள் முடித்துவிடுங்கள், அடுத்ததற்கு 65 நாள் பொறுங்கள், அதற்குள் ஒரு குடும்பம் தேறிவிடும். வெட்டும்போது நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போகச் சொல்லுங்கள். வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தால் குஞ்செல்லாம் கடைசித் துண்டுப் புல்லுக்குள் ஒதுங்கி மாட்டிக்கொள்ளும், ஏனென்றால் வெட்டிய வெளியைக் கடக்க அவற்றுக்குப் பயம். ஸ்கொட்லாந்தில் கோர்ன்கிரேக் என்ற பறவையைக் காப்பாற்ற எடுத்த வேலைகளில் இந்தத் திசை மாற்றம் முக்கியமானது, காசும் செலவில்லை. பெரிய வெட்டு ஏதும் இருந்தால் ஜனவரி, பெப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். மழை குறைவு, நிலத்தில் முட்டையிடும் பறவைகளில் பெரும்பாலானவை அப்போது இன்னும் தொடங்கியிராது, வடக்கே இருந்து வந்து தங்கும் மஞ்சள் வாலாட்டிக்கும் கட்டைப் புல் பிடிக்கும்.

கேள்வி: ஆட்காட்டி வானம் விழுந்துவிடும் என்று பயந்து காலை மேலே தூக்கிக்கொண்டு மல்லாந்து தூங்குமாமே, உண்மையா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: இல்லை. நின்றுகொண்டோ நிலத்தில் உட்கார்ந்தோதான் தூங்கும். அதுவும் கொஞ்சம்தான், இரவு முழுக்க அது போடும் சத்தம் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: எங்கள் பக்கத்து மைதானத்தில் புல் வெட்டிய உடனே கொக்கும் மைனாவும் கூட்டமாக வந்து இறங்குகின்றன. வெட்டாத நேரம் ஒன்றையும் காணோம். அப்படியென்றால் கட்டையாக வெட்டி வைப்பதுதானே பறவைகளுக்கு நல்லது? (பத்தரமுல்லை வாசகர்)

பதில்: சாப்பாட்டுக்கு வருவது வேறு, குடியிருப்பது வேறு. மெஷின் போகும்போது வெட்டுக்கிளியும் தத்துவெட்டியும் கிளம்பும், உண்ணிக்கொக்கு மாட்டுக்குப் பின்னால் போவதுபோல மெஷினுக்குப் பின்னால் போகும், அவ்வளவுதான். இரண்டு நாளில் தீர்ந்துவிடும். கொக்குக் கூடு வேறெங்கோ மரத்தில் இருக்கிறது, மைனாவின் கூடு பொந்திலோ உங்கள் கூரையிலோ இருக்கிறது, மைதானம் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை மட்டும்.

வெட்டாத நேரம் ஒன்றையும் காணோம் என்றீர்களே, அதை நான் நம்பவில்லை. உயரப் புல்லில் இருப்பவை கண்ணில் படாத சாதி. முழங்கால் உயரப் புல்லில் விரலளவு கதிர்க்குருவிகள் இருக்கும், அவற்றில் ஒன்று மேலே எழும்பி அலை அலையாகப் பறந்துகொண்டு கத்தரிக்கோலை வெட்டுவதுபோல 'ட்சிக் ட்சிக்' என்று சத்தம் போடும், அது மட்டும்தான் நமக்குத் தெரியும். அதன் கூட்டைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். உயிரோடு நிற்கும் புல் இதழ்களைச் சிலந்தி நூலால் இழுத்துக் கட்டி ஒரு பை செய்திருக்கும். புல்லை வெட்டினால் அங்கே கூடு என்று தனியாக ஒன்று மிஞ்சாது. சில்லைக்கு, ஊரில் தினைக்குருவி என்பார்களே, அதற்குப் புல் விதைக்க வேண்டும். பூப்பதற்கு முன்னரே வெட்டிக்கொண்டிருக்கும் மைதானம் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் அதற்கு அங்கே ஒரு வாய் சாப்பாடு இல்லை. நெட்டைக்காலி என்ற சின்னப் பறவை இரண்டுக்கும் நடு: மேயக் கட்டைப் புல் வேண்டும், முட்டையிட ஒரு அடர்ந்த புல் குத்து வேண்டும், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கிரிக்கெட் ஆடும் நடுப்பகுதியை வெட்டுங்கள், யார் வேண்டாம் என்றது. மதில் ஓரத்திலும் கானோரத்திலும் இரண்டு மூன்று மீற்றர் அகலப் பட்டை ஒன்றை விதைக்கும் வரை விட்டுவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நீங்கள் புல்லை விடச் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். டெங்கு வந்தால் யார் பார்ப்பது? பாம்பும் இருக்கிறது. (வத்தளை வாசகி)

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் டெங்கு நுளம்பு புல்லில் முட்டையிடுவதில்லை. தேங்கிய தண்ணீரில், அதுவும் கலன்களில்தான் முட்டையிடும்: யோகட் கோப்பை, சிரட்டை, டயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். உயரப் புல் செய்யும் கெடுதல் என்னவென்றால் வீசியெறிந்த கோப்பையை மறைத்துவிடும், வளர்ந்த நுளம்பு ஒதுங்க நிழலும் கொடுக்கும். ஆகவே வாரம் ஒருமுறை குப்பையைப் பொறுக்காமல் புல்லை மட்டும் வெட்டுவதில் பயன் குறைவு, வெட்டிவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் கிடைக்கும். வீட்டுச் சுவரிலிருந்தும் பிள்ளைகள் நடக்கும் பாதையிலிருந்தும் சில மீற்றருக்குக் கட்டையாக வெட்டி வையுங்கள், பாம்புக்கும் அதே மருந்துதான், விரியன் எலியைத் தேடி வருகிறது, எலி குப்பையைத் தேடி வருகிறது. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வெட்டு என்று சொன்னால் வெட்டுங்கள், அவரோடு பறவையைப் பற்றி வாதாட வேண்டாம்.

கேள்வி: விமான நிலையங்களில் பறவைகளைத் துரத்தப் புல்லை நீளமாக வளர்ப்பார்களாம் என்று வெளிநாட்டில் இருக்கும் மகன் சொல்கிறான். இங்கே கட்டையாகத்தானே வெட்டுகிறார்கள்? (இரத்மலானை வாசகர்)

பதில்: மகன் சொல்வது பிரித்தானிய முறை. அங்கே 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை விடுவார்கள். அங்கே தொல்லை கடற்காகமும் அந்த நாட்டு ஆட்காட்டி வகையும், இரண்டும் சுற்றுப்புறம் தெரியாத நீளப் புல்லில் இறங்க விரும்பாது. நம் காலநிலையில் அதையே அப்படியே எடுத்துப் போட முடியாது. இங்கே புல் அந்த உயரத்துக்கு வந்ததும் விதைக்கத் தொடங்கும், சில்லை கூட்டமாக வரும், எலி வரும், எலிக்குப் பின்னால் பருந்து வரும். கட்டையாக வெட்டினால் ஆட்காட்டியும் கொக்கும். எதை வைத்தாலும் ஏதோ ஒன்று வரும், எது அந்த ஓடுபாதைக்கு ஆபத்து என்று பார்த்துத்தான் உயரத்தை முடிவு செய்ய வேண்டும். கட்டுநாயக்கவுக்குப் பக்கத்தில் முத்துராஜவெல சதுப்பும் நீர்கொழும்புக் களப்பும் இருப்பதால் அங்கே கணக்கு இன்னும் சிக்கல். விமான நிலையம் மட்டும் பறவை பெருகக் கூடாத புல்வெளி, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

கேள்வி: நான் கொழும்பில் வேலை, ஊர் பண்டாரவளைப் பக்கம். எங்கள் அலுவலகத்தில் சூழல் தினத்துக்காக ஊருக்கு மேலே இருக்கும் மானாப்புல் மலையில் ஆயிரக்கணக்கில் மரம் நடப் போகிறோம். இடத்தை நான்தான் காட்டிக்கொடுத்தேன். ஒரு நண்பர் வேண்டாம் என்கிறார். மரம் நடுவதில் என்ன பிழை? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: மரம் நடுவதில் பிழை இல்லை, இடத்தில்தான் பிழை இருக்கலாம். 'இருக்கலாம்' என்று சொல்வதற்குக் காரணம், மலையகத்துப் பத்தனைகள், அதாவது புல்மலைகள், எல்லாம் ஒரே கதை அல்ல. சிலது காடாக இருந்து வெட்டியும் எரித்தும் புல்லானவை, சிலது கைவிட்ட தேயிலை, சிலது நெடுங்காலமாகப் புல்லாகவே இருப்பவை. முதல் இரண்டில், அதுவும் ஓடைக் கரையில், ஊர் மரங்களை நட்டால் நான் கைதட்டுவேன். மூன்றாவதில் நட்டால் ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை, அதுவும் அரைகுறையாக, உண்டாக்குகிறீர்கள்.

புல்மலை என்றால் ஒன்றுமில்லாத இடம் என்ற எண்ணம் நம்முடையது மட்டுமல்ல, ஆட்சியாளர்களுடையதும்தான். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், பயிர் செய்யாத, ஆள் குடியிராத நிலமெல்லாம் வேறுவிதமாக நிரூபிக்கும் வரை அரசினுடையது என்று எடுத்துக்கொண்டது. அப்புறம் அதில் எதையும் நடலாம் என்றாகிவிட்டது. கோப்பி, தேயிலை, யூக்கலிப்டஸ், பிறகு போன நூற்றாண்டின் பிற்பகுதியில் கரீபியன் பைன். பைன் தோட்டத்துக்குள் போய் நின்று பாருங்கள், நிலம் முழுக்க ஊசியிலை, அடியில் புல் இல்லை, புல் இல்லாததால் பூச்சியும் விதையும் இல்லை. பத்தனையில் கல்லின் மேலேறி நின்று வாலை ஆட்டும் அந்தக் கறுப்பு வெள்ளைப் புதர்ச்சிட்டு, ஊரில் கண்டிருப்பீர்கள், அதற்கு அங்கே இடமே இல்லை. நீலகிரியிலும் இதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலகிரி நெட்டைக்காலி, வாட்டில், யூக்கலிப்டஸ், பைன் வந்து புல்லை விழுங்கியதால் துண்டு துண்டாக ஒதுங்கிப்போயிருக்கிறது. வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு எந்த வகைப் பறவை எவ்வளவு குறைந்தது என்று 2019இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்த ஆய்வு கணக்கிட்டது, அதில் வாழிட வாரியாகப் பார்த்தால் மிக மோசமாக அடிவாங்கியவை காட்டுப் பறவைகள் அல்ல, புல்வெளிப் பறவைகள்: 53 சதவீதம். அங்கே காரணம் பைன் அல்ல, உழவும் பூச்சி மருந்தும் அவசர வெட்டும். ஆனாலும் புல்லை யாரும் கணக்கில் எடுக்காதது எல்லா இடத்துக்கும் பொது.

தீ பற்றியும் ஒரு வார்த்தை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் யாரோ வைக்கும் தீயில் மலை மலையாக எரிவதை நீங்களே பார்த்து வளர்ந்திருப்பீர்கள். சில நாடுகளில் புல்வெளியைப் புதுப்பிக்க அறிந்தே எரிக்கிறார்கள், ஆனால் துண்டு துண்டாக, முறை வைத்து, சில வருட இடைவெளியில். வருடா வருடம் முழு மலையும் எரிந்தால் வேரிலிருந்து துளிர்க்கும் மானாப்புல்லும் இலுக்கும் மட்டும் மிஞ்சும், மற்றச் சிறு செடிகள் தொலையும், அடுத்த மழையில் மண் இறங்கும். உங்கள் அலுவலகத்துக்கு உண்மையிலேயே ஊருக்கு ஏதாவது செய்ய ஆசையென்றால் அந்தப் பணத்தில் தீத்தடுப்புப் பாதை வெட்டிக் கொடுக்கட்டும். படம் எடுத்துப் போட அவ்வளவு அழகாக இருக்காது, தெரியும். ஹோட்டன் சமவெளியில் புல்வெளியைக் காப்பாற்றுவதற்காகச் செடியைப் பிடுங்குகிறார்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த கோர்ஸ் என்ற மஞ்சள் பூ முட்செடியை. சூழல் வேலை என்றால் நடுவது மட்டுமில்லை என்று மேலதிகாரியிடம் இதைக் காட்டிச் சொல்லலாம்.

கேள்வி: மன்னாரில் அப்பாவின் காணிக்குப் பக்கத்துத் தரவையில் (திறந்த புல்வெளியில்) ஊர் மாடுகள் மேய்கின்றன. மாடு மேய்ந்தால் பறவைக்குக் கெடுதல், தடுக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா? (மட்டக்குளி வாசகர்)

பதில்: எவ்வளவு மாடு, எந்த மாதம் என்று தெரியாமல் ஆம், இல்லை சொல்ல மாட்டேன். மன்னாரும் யாழ்ப்பாணக் கரையும் இலங்கையில் தனி உலகம். கௌதாரி இந்த நாட்டில் வடக்கு, வடமேற்கு வறள் கரையை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததற்குக் காரணமான வலசைப் பறவைகளும் இந்தத் திறந்த வெளியை நம்பித்தான் வருகின்றன. மாடு மேய்வதால்தான் தரவை பற்றையாகாமல் இருக்கிறது. மாட்டை முற்றாக நிறுத்தினால் முதலில் வருவது சீமைக் கருவேலம். தெற்குக் கரையில் இருக்கும் புந்தல தேசியப் பூங்காவைப் பாருங்கள். உவர் நிலத்தைத் திருத்துகிறோம் என்று 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கம் கொண்டுவந்து நட்ட மரம், இன்று களப்பைச் சுற்றியிருந்த புல் நிலத்தைப் பெருமளவு பிடித்துவிட்டது.

ஆனால் அந்த மரத்தைப் பரப்புவதும் மாடுதான், காயைத் தின்று விதையைச் சாணியில் போட்டுக்கொண்டே போகும். ஆகவே மாட்டை நிறுத்துவதைவிடக் கன்றுச் செடியைக் கண்ட இடத்தில் பிடுங்குவது முதல் வேலை. ஆள் உயரத்துக்கு வந்துவிட்டால் வெட்டினாலும் துளிர்க்கும். மற்றது, மழை ஓய்ந்து பறவைகள் நிலத்தில் முட்டையிடும் காலத்தில் முழு மந்தையையும் ஒரே துண்டில் கட்டிப்போடாமல் முறை வைத்து மாற்றினால் போதும்.

கேள்வி: அண்ணா, நான் ஒன்பதாம் ஆண்டு. பாடசாலை மைதானத்துப் பறவைகளைப் பற்றி ஒரு ஒப்படை செய்ய வேண்டும். எப்படித் தொடங்குவது? (இராமகிருஷ்ண வீதி மாணவி)

பதில்: பெரிய கமராவும் தொலைநோக்கியும் இல்லாவிட்டால் பரவாயில்லை. மைதானத்தை மூன்றாகப் பிரித்து வரைந்துகொள்ளுங்கள்: கட்டைப் புல், ஓரத்து நீளப் புல், வெறும் மண். காலை ஏழு மணிக்கு முன்னர், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று இருபது நிமிடம் எண்ணுங்கள். எந்தத் துண்டில் எந்தப் பறவை, எத்தனை, என்ன செய்கிறது (தின்கிறதா, பாடுகிறதா, வாயில் புல்லோ பூச்சியோ கொண்டு போகிறதா) என்று எழுதுங்கள். வாயில் பூச்சியோடு ஒரே புல் குத்துக்குள் திரும்பத் திரும்ப இறங்கினால் அங்கே குஞ்சு இருக்கிறது, கிட்டப் போகாதீர்கள், காகம் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பெயர் தெரியாத பறவையை நிறம், அளவு, சத்தம் என்று எழுதி வையுங்கள், பெயர் பிறகு வரும். கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழு 1976இலிருந்து இந்த வேலையைத்தான் செய்கிறது, டீச்சர் மூலம் எழுதிக் கேட்கலாம்.

முக்கியமான ஒன்று: ஒவ்வொரு பதிவிலும் புல்லின் உயரத்தை அடிமட்டத்தால் அளந்து எழுதுங்கள், கடைசியாக எப்போது வெட்டினார்கள் என்ற திகதியையும் எழுதுங்கள். பெரியவர்கள் செய்யும் கணக்கெடுப்புகளில்கூடப் பல நேரம் விடுபடுவது அந்தத் திகதிதான். அலுவலகத்தில் தெரியாவிட்டால் மைதானக் காவலாளியிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.